தீபாராதனை முடியட்டும்

அந்தக் கறுப்புக் காடியின் எண் எனக்கு இன்னும் மனப்பாடம். எங்கள் ஊரில் காரைக் காடி என்றுதான் சொல்வோம். எண்ணை இங்கே எழுத மாட்டேன். அந்த மனிதனின் பிள்ளைகளும் அதில்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள், அவர்கள் எனக்கு ஒன்றும் செய்யவில்லை. ஆனால் சாலையில் அதே மாதிரி ஒரு வண்டியைப் பார்த்தால் இன்றைக்கும் என் கை ஸ்டீரிங்கை இறுக்கிப் பிடிக்கிறது. சாமி கும்பிடுகிறவன் மனதில் ஒரு வாரத்துக்குமேல் கோபம் இருக்கக் கூடாது என்று எனக்கும் தெரியும். இருக்கிறதே, என்ன செய்ய?

நான் பெரிதாகப் படித்தவன் இல்லை. தமிழ்ப்பள்ளியில் ஆறு வருஷம், அப்புறம் இடைநிலைப்பள்ளியில் மூன்றாம் படிவம் வரைக்கும். அதோடு சரி. பிறை என்கிற ஊரில் ஒரு தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினேன். என் மனைவிக்கு சர்க்கரையால் வலது கால் முழங்காலுக்குக் கீழே போன பிறகு வேலையை விட்டுவிட்டேன். அடுத்த வருஷமே அவளுடைய சிறுநீரகமும் போனது. மகள் கல்யாணமாகி ஜொகூரில் இருக்கிறாள். டத்தோ கிராமாட்டில் ஒரு பழைய அடுக்குமாடியில் நாங்கள் இரண்டு பேர்தான்.

வாரத்தில் மூன்று நாள் அவளுக்கு ரத்தம் கழுவ வேண்டும். டயாலிசிஸை இங்கே எல்லாரும் அப்படித்தான் சொல்கிறோம். செவ்வாய், வியாழன், சனி. கெலுகோர் பக்கம் உள்ள நிலையத்தில் பதினொன்றரைக்கு மிஷினில் போடுவார்கள், மூன்றரைக்கு எடுப்பார்கள். நான்கு மணி நேரம். அதில் ஒரு நிமிஷம்கூட அதிகம் இல்லை. மூன்றரைக்கு மேல் மிஷினைக் கழுவி, நான்கு மணிக்கு அடுத்த ஆளைப் போட வேண்டும். தாமதமாகப் போனால் நம்முடைய நேரம்தான் குறையும். நேரம் குறைந்தால் உடம்பில் தண்ணீர் நிற்கும். அதிலும் சனிக்கிழமைதான் முக்கியம். சனி விட்டால் செவ்வாய் வரை மிஷின் கிடையாது. சனிக்கிழமை உடம்பில் மிச்சம் வைத்த தண்ணீரோடுதான் அவள் ஞாயிறும் திங்களும் மூச்சு விட வேண்டும்.

இதையெல்லாம் சொல்வது, அன்றைக்கு அந்த மனிதன் எங்களிடமிருந்து எதை எடுத்துக்கொண்டான் என்று விளங்க வேண்டும் என்பதற்காக.

எங்கள் அடுக்குமாடியின் வண்டி நிறுத்தும் இடத்துக்குப் பின்னால்தான் கோயில். அதன் பின்வாசல் எங்கள் பக்கம் திறக்கும். அம்மன் கோயில், உள்ளே பெருமாளுக்குத் தனிச் சந்நிதி உண்டு. புரட்டாசி சனி என்றால் கூட்டம் தாங்காது. எள் விளக்கு, அபிஷேகம், அன்னதானம். முன்வாசல் சாலை நிறைந்ததும் வண்டிகள் எங்கள் இடத்துக்கு வந்துவிடும். எங்கள் வண்டிகள் சுவரைப் பார்த்து வரிசையாக நிற்கும். வருகிறவர்கள் அவற்றுக்குப் பின்னால் குறுக்கே நிறுத்திவிட்டுப் போவார்கள். இந்த ஊரில் அதற்கும் ஒரு முறை இருக்கிறது. குறுக்கே நிறுத்துகிறவன் கியரை ஃப்ரீயில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டுப் போக வேண்டும். உள்ளே மாட்டிக்கொண்டவன் அந்த வண்டியைக் கையால் தள்ளி நகர்த்திவிட்டு வெளியே போவான். கண்ணாடியில் ஃபோன் நம்பரும் எழுதி வைப்பார்கள். சட்டத்தில் இல்லாத முறைதான். ஆனால் எல்லாரும் அதை நம்பித்தான் வண்டியை உள்ளே விடுகிறோம்.

அன்று புரட்டாசி இரண்டாம் சனி. பத்தே முக்காலுக்கு அவளைச் சக்கர நாற்காலியில் வைத்து லிஃப்டில் இறக்கினேன். எங்கள் சின்ன வண்டிக்குப் பின்னால், ஏழு பேர் உட்காரும் அந்தக் கறுப்பு வண்டி. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கப்பல் மாதிரி நின்றது. கண்ணாடியில் நம்பர் இல்லை. உள்ளே ஒரு பிள்ளையார், பக்கத்தில் மல்லிகைச் சரம்.

அவளை ஓரமாக நிறுத்திவிட்டுத் தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை. கீழ் வீட்டுச் சீனப் பெரியவர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, வீட்டில் போடும் அரைக்கால் சிலுவாருடன் ஓடி வந்தார். இரண்டு பேரும் தோளைக் கொடுத்துத் தள்ளினோம்.

"தா போலே லா அண்ணே," என்றார் அவர் மூச்சு வாங்க. "பிரேக் டியா தாரிக்."

பிரேக்கை இழுத்துவிட்டுப் போயிருக்கிறான், முடியாது என்கிறார். எனக்கு முன்பே தெரிந்துவிட்டது. அவரும் தெரிந்தேதான் தள்ளினார்.

நான் இந்தப் பெரியவரிடம் ஒருநாள் பேசிய பேச்சை இங்கே சொல்ல வேண்டும். போன வருஷம் இதே புரட்டாசியில் அவருடைய வண்டிக்குப் பின்னால் யாரோ நிறுத்திவிட்டுப் போய்விட்டார்கள். அவர் என்னிடம் வந்து, "உங்க கோயில் ஆளுங்க ஏன் இப்படிச் செய்யறாங்க?" என்று மலாயில் கேட்டார். "செம்பாயாங் லா அங்கிள், செக்கெஜாப் சஜா," என்றேன் நான். சாமி கும்பிடத்தானே வந்திருக்கிறார்கள், ஒரு நொடி பொறுத்துக்கொள் என்று அர்த்தம். சிரித்துக்கொண்டே சொன்னேன். அன்று அவர் எங்கே போக அவசரப்பட்டார் என்று நான் கேட்கவே இல்லை. கேட்டிருக்கலாம். எங்கள் கோயில், எங்கள் சனிக்கிழமை, ஆகையால் மற்றவன் பொறுக்க வேண்டும் என்று எனக்கும் ஒரு நினைப்பு இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

ஹாரன் அடித்தேன். நாலு தடவை நீளமாக அடித்தேன். கோயிலுக்குள் நாதஸ்வரம் நடந்துகொண்டிருந்தது, யாருக்குக் கேட்கும்? வாடகைக் காடியும் கூப்பிட்டுப் பார்த்தேன். ஃபோனில் வருகிறேன் என்று காட்டியவன், கோயில் கூட்டத்தைப் பார்த்துவிட்டு ரத்து செய்துவிட்டுப் போய்விட்டான். அடுத்தவன் கிடைக்க இருபது நிமிஷம் என்று காட்டியது.

"உள்ள போய்க் கேளுங்க," என்றாள் அவள். "யாராச்சும் நம்ம ஆளாத்தான் இருக்கும். சொன்னா எடுத்துருவாங்க."

நம்ம ஆள். அப்படித்தான் நானும் நினைத்தேன்.

செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுப் பின்வாசல் வழியாக ஓடினேன். அர்ச்சனைச் சீட்டுக் கொடுக்கும் பெண்ணிடம் வண்டி எண்ணைச் சொன்னதும், "அது இன்னைக்கு உபயக்காரர் காடிண்ணே," என்று பெருமாள் சந்நிதியைக் காட்டினாள்.

அன்றைய பூஜைக்கும் சாப்பாட்டுக்கும் பொறுப்பெடுத்தவர் குடும்பத்தோடு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதுக்குமேல் இருக்கும். பட்டு வேட்டி, கழுத்தில் தடிச் சங்கிலி. மனைவி, இரண்டு பிள்ளைகள். முன்னால் பழத்தட்டு. குருக்கள் அவர்களுடைய பெயர், நட்சத்திரம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் குனிந்து அவர் காதோரம் போய், "தம்பி, கொஞ்சம் காடிய எடுக்கணும்," என்றேன்.

அவர் திரும்பவில்லை. "தீபாராதனை முடியட்டும்."

"இல்ல தம்பி, வெளிய என் சம்சாரம் இருக்கா. ரத்தம் கழுவக் கூட்டிட்டுப் போறேன். பதினொன்னரைக்கு மிஷின்ல போட்டாகணும்."

இப்போது திரும்பினார். என் முகத்தைப் பார்க்கவில்லை, என் சட்டையைத்தான் பார்த்தார். "என்னா அண்ணே, நான் சாமி முன்னாடி உக்காந்துருக்கேன். சங்கல்பம் நடக்குது. பாதியில எந்திரிச்சா யாருக்குப் பாவம்? ஒங்களுக்கா எனக்கா?"

"சாவியக் குடுங்க. நானே நகத்தி வெச்சுட்டு, சாவிய இங்கயே கொண்டாந்து குடுத்துர்றேன்."

அவர் மனைவியைப் பார்த்துச் சிரித்தார். "அது பட்டன் காடிண்ணே. ஒங்களுக்கு ஸ்டார்ட் பண்ணவே வராது."

இருபத்திரண்டு வருஷம் மூன்று டன் சரக்கைத் தூக்கிக்கொண்டு, ஓர் அடி இடைவெளியில் பின்னால் எடுத்தவன் நான். அதை அப்போது சொல்லத் தோன்றவில்லை. திரும்ப ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் திரை விலகியது, மணி அடித்தது.

இனிமேல் நடந்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை. மணி அடித்ததும் என் கை இரண்டும் மேலே போய்க் கும்பிட்டன. நான் கும்பிட வேண்டும் என்று நினைத்துக் கும்பிடவில்லை. சின்ன வயதிலிருந்து பழகிய கை. தீபாராதனை நடக்கும்போது பேசக் கூடாது, நகரக் கூடாது, சாமிக்கு முதுகைக் காட்டக் கூடாது என்று வளர்ந்த உடம்பு. அலங்காரத் தீபம் காட்டினார்கள். அடுக்குத் தீபம் காட்டினார்கள். அப்புறம் கற்பூரம். ஒவ்வொன்றுக்கும் நின்றேன். என் மனைவி வெளியே வெயிலில் இருக்கிறாள், மிஷின் அங்கே காத்திருக்கிறது, நான் இங்கே கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறேன். தட்டு வந்தபோது கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். தீர்த்தம் வாங்கிக் குடித்தேன். துளசியையும் வாங்கி வாயில் போட்டேன். ஏழெட்டு நிமிஷம் இருக்கும். அவன் எடுத்துக்கொண்ட நேரத்தில் அந்த ஏழெட்டு நிமிஷம் நான் கொடுத்தது. அவன் சாமியைச் சாக்காகச் சொன்னான். நான் அதைச் சாமி சொன்னதாக எடுத்துக்கொண்டேன். பெருமாள் அந்த நேரத்தில் வாய் திறந்து பேசியிருந்தால், "முதல்ல அந்தப் பொம்பளையக் கூட்டிட்டுப் போ"ன்னுதான் சொல்லியிருப்பார். நாற்பது வருஷமாகக் கும்பிடுகிறேன், அதுகூடத் தெரியாமல் நின்றிருக்கிறேன்.

தீபாராதனை முடிந்தது. அவன் எழுந்தான். இனிமேல் அவர் இவர் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. கோயில் தலைவர் மாலை போட்டார், துண்டு போர்த்தினார். நான் ஒதுங்கி நின்றேன், வருவான் என்று. அவன் மனைவியையும் பிள்ளைகளையும் பக்கத்தில் இழுத்து நிறுத்திக்கொண்டு, தன் ஃபோனை ஒருவரிடம் நீட்டினான்.

"தம்பி," என்றேன்.

"இருங்கண்ணே. ஒரு ஃபோட்டோ எடுத்துக்கிட்டு வந்துர்றேன். வருஷத்துக்கு ஒரு நாள்தானே நம்ம உபயம்."

அங்கேதான் எனக்கு வெடித்தது. என் சொந்தக் குரலே எனக்கு அடையாளம் தெரியவில்லை. "எடுடா! நல்லா எடு! வெளிய ஒருத்தி ஒத்தக் கால வெச்சுக்கிட்டு வெயில்ல உக்காந்துருக்கா, அவளையும் கூட்டிட்டு வர்றேன், பக்கத்துல வெச்சு எடு!"

நாதஸ்வரம் நின்றுவிட்டது. கோயில் முழுக்க என்னைப் பார்த்தது. யாராவது ஒருவர், ஒரே ஒருவர், "காடிய எடுத்துட்டு வாய்யா மொதல்ல," என்று அவனிடம் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். ஒரு பெரியவர் என் தோளைத் தொட்டு, "சந்நிதியில சத்தம் போடாதீங்க," என்றார். என்னிடம்தான் சொன்னார்.

அவன் வந்தான். மாலையைக் கழற்றாமல், சாவியை விரலில் சுற்றிக்கொண்டு, அவ்வளவு மெதுவாக வந்தான். வாசலில் வழியில் நின்ற ஒருவரோடு கை குலுக்கினான். வண்டிப் பக்கம் வந்து என் மனைவியைப் பார்த்ததும் கொஞ்சம் தயங்குவான் என்று நினைத்தேன்.

"இதுக்குத்தான் இவ்வளவு ஆட்டமா?" என்றான். "புரட்டாசி சனின்னு தெரியும் லா. காலையிலேயே ஒங்க காடிய எடுத்து வெளிய ரோட்டுல வெச்சிருந்தா, எனக்கும் தொல்ல இல்ல, ஒங்களுக்கும் தொல்ல இல்ல."

"எங்க வீட்டு எடம்டா இது!"

"யோவ், மரியாதையாப் பேசு. நான் யார்னு கேட்டுட்டு வா."

"பிரேக்கையாவது எறக்கிவிட்டுப் போயிருக்கலாம்ல?"

"என் காடிய எவனெவனோ கை வெச்சுத் தள்ளறதுக்கா?"

சீனப் பெரியவர் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றார். நான் அடித்துவிடுவேன் என்று பயந்திருக்கிறார். அடித்திருப்பேன்தான்.

அப்போது என் மனைவி பேசினாள். வெயிலில் முகம் வெளுத்துப்போயிருந்தது, குரல் மட்டும் தெளிவாக வந்தது. "தம்பி, நீங்க உபயம் செஞ்சது நல்லபடியா நெறவேறட்டும். பிள்ளைங்க நல்லா இருக்கட்டும். காடிய எடுங்க."

அவன் முகம் மலர்ந்தது. "இது பேச்சு. அக்காவுக்கு இருக்கிற பக்குவம்கூட ஒங்களுக்கு இல்லியேண்ணே," என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினான்.

கிரீன் லேனில் சிக்னலுக்கு நின்றபோது எனக்குத் தாங்கவில்லை. "அவனப் போயி வாழ்த்துறியே," என்று அவள் மேல் பாய்ந்தேன்.

"வாழ்த்தல. வேற என்னா சொன்னா அவன் சீக்கிரம் எடுப்பான்? நீங்க இன்னும் பத்து நிமிஷம் சண்ட போட்டிருப்பீங்க. பச்ச விழுந்துருச்சு, பாத்து ஓட்டுங்க."

நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு அடித்துவிட்டது. எடை பார்த்து, ஊசி போட்டு, மிஷினில் இணைக்கும்போது பன்னிரண்டேகால் தாண்டிவிட்டது. தாதியைப் பார்த்து, "மிஸ்ஸி, கொஞ்சம் கூட்டிக் குடுங்கம்மா. நாங்க வேணும்னு லேட்டா வரல," என்றேன்.

"முடியாதே அங்கிள். மூன்றரைக்கு எடுத்தாகணும். அடுத்த ஆள் இருக்காங்க."

எனக்கு மறுபடியும் அந்தக் குரல் வந்தது. "அரை மணி நேரம் அந்த ஆள் காத்திருக்கக் கூடாதா? எங்க நெலமையச் சொல்றேன், காதுல விழலையா?" என்று மேசையைத் தட்டினேன். அந்தப் பெண் இரண்டடி பின்னால் போனாள். மகள் வயதுதான் இருக்கும். கதவோரத்தில் ஒரு மலாய்க்கார அம்மா மடியில் போர்வையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான்கு மணிக்கு வர வேண்டியவர், அவரைக் கொண்டுவந்து விடுகிற பேரனுக்கு வேலை இருந்ததால் முன்னாலேயே வந்துவிட்டார். அந்த அம்மாவின் கால் இரண்டும் வீங்கியிருந்தன. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இங்க வாங்க," என்று மனைவி கூப்பிட்டாள். "அந்தம்மா நேரத்துலயா கைய வெக்கப் போறீங்க?"

மேசையிலிருந்து கையை எடுத்தேன். மிஸ்ஸியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள், "பரவால்ல அங்கிள்," என்றாள், ஆனால் அதற்குப் பிறகு என் பக்கம் வரும்போது கொஞ்சம் தள்ளியே நின்றாள். மூன்றரைக்கு எடுத்துவிட்டார்கள். நான்கு மணி நேரத்துக்குப் பதில் மூன்று மணி நேரம் சொச்சம். எடுக்க வேண்டிய தண்ணீரில் ஒரு கிலோவுக்குமேல் உடம்பிலேயே நின்றுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் முகம் உப்பியிருந்தது. அவளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு கிண்ணம் தண்ணீர்தான். அன்று அதையும் பாதியாக்கி, ஐஸ் துண்டை வாயில் வைத்துக்கொண்டு ஓட்டினாள். படுக்க முடியவில்லை, படுத்தால் மூச்சு அடைக்கிறது. தலையணைகளை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்தே இருந்தாள். நான் பூஜை அறைக்குப் போவதும் திரும்பி வருவதுமாக இருந்தேன். விளக்கேற்றினேன், ஒரு வரி பாட முடியவில்லை. பெருமாள் படத்தைப் பார்த்தால் அந்தப் பட்டு வேட்டிதான் கண்ணில் வருகிறது.

திங்கட்கிழமை மத்தியானம் மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஆக்ஸிஜன் வைத்தார்கள். சின்ன வயது டாக்டர் ஒருவர் அவள் காலை அமுக்கிப் பார்த்துவிட்டு, "பான்யாக் மினும் ஆயேர், ம்மா?" என்று கேட்டார். நிறையத் தண்ணீர் குடித்தீர்களா என்று. அவர் திட்டவில்லை, அவர் வேலை அது, கேட்கத்தான் வேண்டும். ஆனால் ஐஸ் துண்டைச் சப்பிக்கொண்டு இரண்டு நாள் நாக்கு வறண்டு கிடந்தவளைப் பார்த்துக் கேட்டார். முகமூடிக்குள் அவள் தலையை மட்டும் இல்லை என்று ஆட்டினாள். டாக்டர் நம்பினாரோ இல்லையோ. நான் விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன், கோயில், காடி, உபயம் என்று. மலாயில் சொல்லும்போது எனக்கே அது ஏதோ சப்பைக்கட்டு மாதிரி கேட்டது. பாதியில் நிறுத்திவிட்டேன். அன்றைக்கே அங்கு ஒரு மிஷினில் போட்டுத் தண்ணீரை எடுத்தார்கள். பிழைத்தாள்.

புதன்கிழமை கோயில் செயலாளர் ஃபோன் செய்தார். என்னைவிட வயதில் சின்னவர், நல்ல மனிதர்தான். அக்கா எப்படி இருக்காங்க என்று கேட்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துச் சொல்ல ஆரம்பித்தேன்.

"அது பெறகு பேசலாம்ணே," என்றார். "உபயக்காரரு ரொம்ப வருத்தப்படுறாரு. குடும்பத்தோட வந்த எடத்துல, சாமி முன்னாடி, டா போட்டுப் பேசிட்டீங்களாம். அடுத்த வருஷம் மண்டபத்துக்குக் கூரை போட்டுத் தர்றேன்னு சொன்னவரு. நீங்க வந்து ஒரு வார்த்த மன்னிப்புன்னு சொல்லிட்டா முடிஞ்சது."

மன்னிப்பு. நான் அவனிடம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நேரிலேயே போனேன். செயலாளர் அலுவலக அறையில் தனியாக இருந்தார். "சந்நிதியில நான் கத்தினது தப்பு," என்றேன். "அதுக்குப் பெருமாள் காலுல விழுந்து கேட்டாச்சு. அவர்கிட்ட கேட்டது போதும். இவன்கிட்ட கேக்க மாட்டேன். என் பொண்டாட்டி மூச்சுக்குத் தவிச்சப்ப அவன் கூரை ஒண்ணும் எங்களுக்கு நெழல் குடுக்கல."

"அண்ணே, நீங்க கோவத்துல—"

"கோவத்துலதான் பேசறேன். நாளைக்கு மூணாவது சனி. பின்வாசலச் சாத்திட்டு, அங்க காடி நிறுத்தாதீங்கன்னு மைக்ல ஒரு வார்த்த சொல்லுங்க. அது போதும்."

அவர் மேசையில் கிடந்த பேனாவை உருட்டினார். "அப்படிச் சொன்னா கூட்டம் கொறஞ்சுரும்ணே. வர்றவங்களும் நம்ம மக்கள்தானே. அக்காவுக்கு முடியலன்னா நீங்க அன்னைக்கு ஒரு நாள் காடிய வெளிய வெச்சுக்கலாமே?"

அவனும் இதையேதான் சொன்னான். இவர் மரியாதையாகச் சொன்னார், அவ்வளவுதான் வித்தியாசம். வெளியே ரோட்டில் வைத்தால் சக்கர நாற்காலியைக் கால்வாய் தாண்டித் தள்ளிக்கொண்டு போக முடியாது என்று விளக்கினேன். "பாக்கலாம்ணே," என்றார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து, "நாளைக்கு நான் காலையிலேயே எறங்கி நம்ம காடிக்குப் பின்னாடி நிக்கப் போறேன். எவன் வர்றான்னு பாக்குறேன்," என்றேன்.

"நீங்க நின்னா அடிதடிதான்," என்றாள் அவள். "நான் உக்காந்துக்கறேன். ஒத்தக்காலிய இடிச்சுத் தள்ளிட்டு எவன் நிறுத்துறான்னு நானும் பாக்கறேன்."

முடியவே முடியாது என்றேன். இரண்டு மணி நேரம் வெயில், தாகம் எடுத்தால் குடிக்கவும் முடியாது, திங்கட்கிழமைதான் ஆக்ஸிஜன் வைத்திருந்தார்கள். எல்லாம் சொன்னேன். அவள் மறுநாளுக்கு உடுத்த வேண்டிய புடவையை எடுத்து நாற்காலியில் வைத்தாள்.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு இறங்கினோம். எங்கள் வண்டிக்குப் பின்னால், நடு வழியில், சக்கர நாற்காலியைக் குறுக்கே போட்டுப் பிரேக்கை இறுக்கிவிட்டேன். நான் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். முதலில் வந்த இரண்டு மூன்று வண்டிகள் பார்த்துவிட்டு வேறு பக்கம் போய்விட்டன. நாலாவதாக ஒரு வெள்ளை வண்டி வந்து அவள் முழங்காலுக்கு இரண்டடி தள்ளி நின்று ஹாரன் அடித்தது. ஓட்டி வந்தது பட்டுப் புடவை கட்டிய ஒரு பெண். கண்ணாடியை இறக்கினாள்.

"அக்கா, கொஞ்சம் தள்ளிக்கங்க. கோயிலுக்கு வந்துருக்கோம்."

"நானும் கோயிலுக்குப் பக்கத்துலதான் உக்காந்துருக்கேன்," என்றாள் என் மனைவி. "நீங்க தள்ளிக்கங்க."

"அஞ்சு நிமிஷம்தான்க்கா. தட்டக் குடுத்துட்டு வந்துருவேன்."

"போன வாரம் ஒருத்தரு அஞ்சு நிமிஷம்னுட்டுப் போனாரு. திங்கக்கிழமை என்னை ஆஸ்பத்திரியில போட்டாங்க."

"அதுக்கு நான் என்னாக்கா செய்வேன்?"

"ரிவர்ஸ் எடுங்க. அது போதும்."

அந்தப் பெண் ஹாரனில் கையை வைத்து எடுக்காமல் அழுத்தினாள். பின்னால் வந்த வண்டிகளும் சேர்ந்துகொண்டன. "பைத்தியமா இது?" என்று ஒருவன் கத்தினான். "கோயில் வழிய மறிக்கிறாளே, வெளங்குவாளா?" என்றது இன்னொரு குரல். நான் ஓரடி முன்னால் வைத்தேன். அவள் என் சட்டை நுனியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையை மடியில் வைத்து, நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சு கொஞ்சம் வேகமாகத்தான் வாங்கியது. சீனப் பெரியவர் வீட்டுக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து, தன் வண்டிக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்து செய்தித்தாளை விரித்தார். எங்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மற்ற வீட்டுக்காரர்கள் மாடியிலிருந்து வேடிக்கை பார்த்தார்கள். யாரும் இறங்கி வரவில்லை. எங்கள் மக்களும்தான் இருந்தார்கள் அந்த மாடியில்.

வெள்ளை வண்டி பின்னால் போனது. மற்றவையும் ஒவ்வொன்றாகப் போயின. இன்னும் இரண்டு சண்டை நடந்தது. இரண்டாவதில் நான் வாயை விட்டேன், அதை எழுத முடியாது. பத்தே முக்காலுக்கு அவளைத் தூக்கி முன் இருக்கையில் உட்கார வைத்தபோது ரவிக்கை முதுகு நனைந்திருந்தது. பதினொன்று பதினைந்துக்கு நிலையத்தில் இருந்தோம். மிஸ்ஸி மணியைப் பார்த்து, "இன்னைக்கு சீக்கிரமா?" என்று சிரித்தாள். நான்கு மணி நேரம் முழுசாகக் கழுவினார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை என் மனைவி மல்லாந்து படுத்துத் தூங்கினாள்.

மன்னிப்பு நான் கேட்கவில்லை. செயலாளரும் மறுபடி கூப்பிடவில்லை. கோபம் போய்விட்டதா என்றால், இல்லை. அவன் மேல், அன்று என் தோளைத் தொட்டவர் மேல், மாடியில் நின்றவர்கள் மேல், எல்லாரையும்விட அதிகமாகத் துளசியை மென்றுகொண்டு நின்ற என் மேல். புரட்டாசியில் இன்னும் ஒரு சனிக்கிழமை பாக்கி இருக்கிறது. கடைசிச் சனி, கூட்டம் இதைவிட இரண்டு மடங்கு வரும். எட்டரைக்கே இறங்கிவிடலாம் என்கிறாள் அவள்.